எழுதிய கணக்கு எங்கே போயிற்று?

தமிழ்ச் சங்க மலரில் பாத்திரக் கடைக்காரன் ஒருவன் கணிப்பொறியைப் பற்றி எழுதலாமா என்று சில அன்பர்கள் கேட்கக்கூடும். சமண நூல்களையும் பழைய இலக்கணங்களையும் பற்றி எழுதுவதுதான் எனக்குப் பழக்கம். ஆனால் பெங்களூரில் இன்றைக்கு நம்மவர் வீடுகளில் ஒரு பிள்ளையாவது, ஒரு மருமகளாவது, கணிப்பொறி நிறுவனத்தில் வேலை பார்க்கிறார்கள். ராத்திரி பத்து மணிக்கு மேலும் திரையைப் பார்த்தபடி, "எல்லாம் சரியாத்தான் இருக்கு, ஆனா அவுட்புட் வரமாட்டேங்குது" என்று அவர்கள் புலம்புவதை நாம் கேட்டிருக்கிறோம். அந்தப் புலம்பலின் பொருள் என்ன என்று பெற்றோரும் அறிந்துகொள்வது நல்லது. எனக்கு அது தெரிய வந்தது ஒரு சங்கடத்தின் மூலம். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

1. கூடிப்போன கல்லா

2013-ஆம் ஆண்டு தீபாவளிக்கு முந்தைய வாரம். கடையில் நல்ல கூட்டம். அப்போது நாங்கள் பில் போடுவதற்கு ஒரு சின்ன இயந்திரம் வைத்திருந்தோம். வழக்கமான கம்ப்யூட்டர் அல்ல; உள்ளங்கை அளவு பலகை ஒன்றில், கடைக்கு வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிட்ட லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். செய்து கொடுத்தவர்கள் பெயர் இங்கே வேண்டாம். நல்ல எண்ணத்தோடு செய்த வேலைதான்.

அன்றிரவு எட்டே முக்கால் மணிக்குக் கரண்ட் போயிற்று. யு.பி.எஸ். பேட்டரி அன்றைக்குப் பார்த்துக் கையை விரித்துவிட்டது. எப்படியும் கடை கட்டும் நேரந்தானே என்று கதவைச் சாத்திவிட்டோம். மறுநாள் காலையில் கணக்குப்பிள்ளை இருப்புக் கட்டினார். இயந்திரத்தில் முந்தின நாளின் கடைசிப் பில் எண் 204. கல்லாவிலோ அந்தக் கணக்கைவிட 14,000 ரூபாய்க்குமேல் கூடுதலாக இருந்தது.

பணம் குறைந்தால்தானே கவலை, கூடினால் என்ன என்று வெளியார் நினைக்கலாம். வியாபாரிக்கு அப்படி அல்ல. கல்லாவில் பணம் கூடினால் பில் போடாமல் சரக்கு வெளியே போயிருக்கிறது என்று பொருள். விற்றவன் அந்தப் பணத்தை எடுத்துப் போகச் சமயம் கிடைக்காமல் விட்டிருக்கிறான் என்பதே முதலில் தோன்றும். "முதலாளி, இது இன்னிக்கு நேத்திக்கு நடக்கிற வேலையா இருக்காது" என்று கணக்குப்பிள்ளை காதோடு சொன்னார். பில் போடும் இடத்தில் உட்கார்ந்திருந்தவர் எங்களிடம் 14 வருஷமாக வேலை பார்ப்பவர். அவரைக் கூப்பிட்டு விசாரித்தேன். "எல்லாத்துக்கும் பில் போட்டேன்ங்க ஐயா" என்றார். நான் நம்பவில்லை. நம்பவில்லை என்பதை என் முகம் அவருக்குச் சொல்லிவிட்டது.

மதியம் ஓர் அம்மாள் வந்தார். முந்தின நாள் வாங்கிய குக்கரில் மூடி சரியாகப் பொருந்தவில்லை, மாற்றித் தர வேண்டும் என்றார். கையில் பில் வைத்திருந்தார். தேதி முந்தின நாள் தேதி. பில் எண் 211.

இயந்திரமோ 204-க்கு மேல் எதுவும் இல்லை என்கிறது. அதே இயந்திரம் அச்சடித்துக் கொடுத்த காகிதமோ 211 என்கிறது. இரண்டில் எது பொய்?

2. ஓர் எழுத்து போகும் வழி

இதைப் புரிந்துகொள்ள இயங்குதளம் என்றால் என்னவென்று பார்க்க வேண்டும். கணிப்பொறியில் திரை, நினைவகம், வட்டு, அச்சுப்பொறி என்று பல உறுப்புகள் உண்டு. நிரல் என்பது வேலை சொல்லும் ஆள். ஒவ்வொரு நிரலும் இந்த உறுப்புகளைத் தானே தொட்டு ஆட்டினால் கடை சந்தையாகிவிடும். ஆகவே நடுவில் ஒரு மேலாளர் இருக்கிறார். அவர்தான் இயங்குதளம். "இதைத் திரையில் காட்டு", "இதை வட்டில் எழுது" என்று நிரல் விண்ணப்பம் போடும். இயங்குதளம் செய்து கொடுக்கும். இயங்குதளத்தின் உட்கருவைக் கர்னல் என்கிறார்கள்.

சி மொழியைக் கற்கும் எவரும் முதலில் எழுதுவது, உலகுக்கு வணக்கம் சொல்லும் ஒரு வரியைத் திரையில் காட்டும் நிரலைத்தான். 1978-இல் கெர்னிகனும் ரிட்சியும் எழுதி வெளிவந்த சி மொழி நூல் இந்த வழக்கத்தை உலகெங்கும் பரப்பியது. அதில் வரும் கட்டளையின் பெயர் பிரின்ட்-எஃப். பார்வைக்கு ஒரே வரி. ஆனால் அது திரைக்கு வந்து சேருமுன் நாலு கை மாறுகிறது.

முதலாவது, நிரலுக்குள்ளேயே இருக்கும் ஒரு தற்காலிகப் பெட்டி. இதைப் பஃபர் என்பார்கள், தமிழில் இடையகம். இரண்டாவது, கர்னல் தன் நினைவகத்தில் வைத்திருக்கும் பெட்டி. மூன்றாவது, அந்தந்தக் கருவியை ஓட்டும் டிரைவர் என்னும் துணை நிரல். நான்காவது, திரை அல்லது வட்டு என்னும் கருவியே.

நம் கடை வழக்கில் சொன்னால் எளிதில் விளங்கும். விற்பனை நடக்கும்போது சிட்டையில் குறித்துக்கொள்கிறோம். சிட்டை நிறைந்ததும், அல்லது சாயங்காலம் ஓய்வு கிடைத்ததும், அதை நாள்வழியில் ஏற்றுகிறோம். பிறகு பேரேட்டுக்குப் போகிறது. ஒவ்வொரு டம்ளர் விற்பனைக்கும் எழுந்து போய்ப் பேரேட்டைப் புரட்டினால் வியாபாரம் நடக்குமா? இடையகமும் இதே காரணத்துக்காக ஏற்பட்டதுதான். கர்னலைக் கூப்பிடுவது செலவான காரியம். ஆகவே எழுத்துகளைச் சேர்த்து வைத்து மொத்தமாக அனுப்புகிறார்கள்.

எவ்வளவு சேர்த்து வைப்பது என்பதற்கும் முறை உண்டு. வெளியீடு திரைக்குப் போவதாக இருந்தால், வழக்கமாக ஒரு வரி முடிந்ததும் அனுப்பிவிடும். கோப்புக்குப் போவதாக இருந்தால் பெட்டி நிறையும் வரை காத்திருக்கும். லினக்ஸில் அந்தப் பெட்டியின் அளவு பெரும்பாலும் 4,096 பைட்டு. பிழைச் செய்திகளுக்கென்று உள்ள தனி வழியில் மட்டும் காத்திருத்தலே கிடையாது, உடனுக்குடன் போய்விடும். வீடு தீப்பிடித்தால் சிட்டையில் குறித்துக்கொண்டா இருப்பார்கள்?

3. 4,096 என்னும் கைரேகை

எங்கள் இயந்திரத்தைப் பார்க்க ஓர் இளைஞர் வந்தார். ஓசூர்ப் பக்கத்துப் பிள்ளை. முந்தின நாளுக்குரிய கோப்பைத் திறந்து பார்த்தார். 204-ஆம் பில் முழுமையாக இருந்தது. அதன்பின் 205-ஆம் பில்லின் வரி பாதியோடு நின்றிருந்தது. கோப்பின் அளவைப் பார்த்தார்: 73,728 பைட்டு. கைப்பேசியில் ஒரு வகுத்தல் போட்டுப் பார்த்துச் சிரித்தார். "சார், இது சரியா 18 தடவை 4,096. ஆள் தப்பு இல்ல, எங்க தப்பு" என்றார்.

அவர் விளக்கியது இதுதான். ஒரு பில்லின் விவரம் சராசரியாக 360 பைட்டு. நிரல் ஒவ்வொரு பில்லையும் கோப்பில் "எழுதியது". ஆனால் அந்த எழுத்து பெட்டியில் சேர்ந்துகொண்டே இருந்தது. 4,096 சேரும்போதெல்லாம் ஒரு பெட்டி வட்டுக்குப் போயிற்று. பெட்டிக்குப் பில் எங்கே முடிகிறது என்று தெரியாது. அளவு மட்டுமே தெரியும். ஆகவே 205-ஆம் பில்லின் பாதி 18-ஆம் பெட்டியோடு போய்விட்டது. மீதிப் பாதியும் 206 முதல் 215 வரையிலான பத்துப் பில்களும் 19-ஆம் பெட்டியில் காத்திருந்தன. மொத்தம் ஏறத்தாழ 3,800 பைட்டு. பெட்டி நிறைய இன்னும் ஒரு பில் தேவை. அதற்குள் கரண்ட் போயிற்று. பெட்டி இருந்தது நினைவகத்தில். மின்சாரம் இல்லையேல் நினைவகமும் இல்லை.

அப்படியானால் காகிதத்தில் எப்படி வந்தது? அச்சுப்பொறிக்குப் போகும் வழியில் ஒவ்வொரு பில் முடிந்ததும் பெட்டியைக் காலி செய்யும் கட்டளையைப் போட்டிருந்தார்கள். அந்தக் கட்டளைக்கு ஃப்ளஷ் என்று பெயர். வாடிக்கையாளர் எதிரே நிற்கிறார், காகிதம் உடனே வந்தாக வேண்டும் அல்லவா? கோப்பின் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை. ஆகவே அங்கே அதை மறந்துவிட்டார்கள்.

ஃப்ளஷ் செய்தால் மட்டும் போதுமா என்றால், அதுவும் போதாது. அது சிட்டையிலிருந்து நாள்வழிக்கு ஏற்றுவது மாதிரி. எழுத்து கர்னலின் பெட்டிக்குத்தான் போயிருக்கும். அங்கேயும் லினக்ஸ் வழக்கமாக ஏறத்தாழ 30 நொடி வரை வைத்திருந்துதான் வட்டில் எழுதும். "இப்போதே வட்டில் எழுது, எழுதிய பிறகு எனக்குச் சொல்" என்று கேட்க எஃப்-சிங்க் என்று தனியாக ஒரு விண்ணப்பம் உண்டு. பணம் சம்பந்தப்பட்ட நிரல்கள் அதைப் போட்டே ஆக வேண்டும். வேகம் கொஞ்சம் குறையும். கணக்கு மிஞ்சும்.

4. சொந்தமாக இயங்குதளம் கட்டினால்

மேலே சொன்னது ஊரறிந்த லினக்ஸை வெட்டிக் குறைத்த கதை. பொறியியல் கல்லூரிப் பிள்ளைகளில் ஆர்வமுள்ள சிலர், அடிமண்ணிலிருந்து தாமே ஓர் இயங்குதளம் கட்டிப் பார்க்கிறார்கள். இதைப் பைத்தியக்காரத்தனம் என்று பெற்றோர் நினைக்க வேண்டாம். 1991-இல் ஹெல்சின்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் தொடங்கியதும் இப்படித்தான். தம் கணிப்பொறியில் இரண்டு வேலைகளை மாற்றி மாற்றி ஓடவிட்டு, ஒன்று ஏ என்ற எழுத்தையும் மற்றொன்று பி என்ற எழுத்தையும் திரையில் காட்டச் செய்தார். அந்தச் சின்ன விளையாட்டு வளர்ந்துதான் லினக்ஸ் ஆயிற்று.

சொந்த இயங்குதளத்தில் வெளியீடு காணாமற்போக வழிகள் பல. முக்கியமானவற்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, எழுதப்படாமலே போவது. கணிப்பொறி விழித்தெழும்போது பழைய முறையில் வட்டின் முதல் 512 பைட்டை மட்டும் தானாகப் படிக்கும். மீதியைப் படித்துக்கொள்வது அந்த 512-க்குள் இருக்கும் சிறு நிரலின் பொறுப்பு. "இத்தனை துண்டு படி" என்று அதில் ஓர் எண் இருக்கும். இயங்குதளம் வளர்ந்த பிறகு அந்த எண்ணை மாற்ற மறந்தால் கடைசித் துண்டுகள் நினைவகத்துக்கே வந்து சேராது. காட்ட வேண்டிய வாசகங்கள் பெரும்பாலும் கடைசிப் பகுதியில்தான் இருக்கும். "நேத்து வரைக்கும் வந்துச்சு, இன்னிக்குப் பத்து வரி சேர்த்தேன், ஒண்ணுமே வரல" என்று பிள்ளை சொன்னால் முதலில் இதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, எழுதி முடங்கிக் கிடப்பது. சொந்த இயங்குதளம் கட்டுவோர் பலர் நியூலிப் என்னும் ஆயத்தமான சி நூலகத்தை எடுத்துப் பொருத்துகிறார்கள். அது பிரின்ட்-எஃப் வேலை முழுவதையும் செய்யும். ஆனால் கடைசிப் படியை, அதாவது "இந்த எழுத்துகளைக் கருவிக்கு அனுப்பு" என்பதை, இயங்குதளம் கட்டுபவரே எழுதிக் கொடுக்க வேண்டும். அதை வெறும் கூடாக விட்டுவிட்டால் எழுத்து கிணற்றில் போட்ட கல். இன்னொரு நுட்பமும் இருக்கிறது. "போகிற இடம் திரையா, கோப்பா?" என்று நூலகம் ஒரு கேள்வி கேட்கும். அந்தக் கேள்விக்குரிய பதிலையும் கட்டுபவரே எழுத வேண்டும். "திரை இல்லை" என்று தவறான பதில் போய்விட்டால், நூலகம் வரிக்கு வரி அனுப்பாமல் பெட்டி நிறையக் காத்திருக்கும். நாலு சொல் காட்டும் நிரலில் பெட்டி எங்கே நிறையப் போகிறது?

சரி, நிரல் முடியும்போதாவது பெட்டி காலியாகாதா? முறைப்படி கடை கட்டினால் ஆகும். எக்ஸிட் என்ற கட்டளை, இருக்கும் பெட்டிகளையெல்லாம் காலி செய்துவிட்டுத்தான் விளக்கை அணைக்கும். ஆனால் அதன் கீழே, எதையும் பார்க்காமல் உடனே நிறுத்தும் இன்னொரு கட்டளையும் உண்டு. சொந்த இயங்குதளத்தில் அவசரத்துக்கு இரண்டாவதைப் போட்டுவிடுவார்கள். அது கணக்கு ஏற்றாமல் ஷட்டரை இழுத்து மூடுவது.

மூன்றாவது, போய்ச் சேர்ந்தும் தெரியாமல் இருப்பது. பழைய கணிப்பொறித் திரையில் 25 வரி, வரிக்கு 80 எழுத்து, ஆக 2,000 இடம். ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு பைட்டு: ஒன்று எழுத்து, மற்றது நிறம். நிற பைட்டில் சுழியம் விழுந்துவிட்டால் கறுப்பில் கறுப்பாக எழுதப்படும். எழுத்து இருக்கிறது, கண்ணுக்கு இல்லை. புதிய கணிப்பொறிகள் பலவற்றில் அந்தப் பழைய எழுத்துத் திரையே கிடையாது. பழைய புத்தகத்தைப் பார்த்து அந்த முகவரியில் எழுதினால் ஒன்றும் தெரியாது.

எழுதாதது, முடங்கியது, தெரியாதது என்று இந்த மூன்று வகைக்குள் பெரும்பாலானவை அடங்கிவிடும்.

5. நம் ஊரில் பிறந்த ஒரு கைக்கணினி

தனிப்பட்ட பலகைக்குத் தனியாக இயங்குதளம் பொருத்தும் வேலை நம் பெங்களூருக்குப் புதிதல்ல. சிம்ப்யூட்டர் என்ற பெயர் சிலருக்கு நினைவிருக்கும். எளியது, விலை குறைந்தது, பன்மொழி பேசுவது என்ற மூன்று பொருளையும் அடக்கி ஆங்கிலத்தில் உண்டாக்கிய பெயர். இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த விஜய் சந்துரு, சுவாமி மனோகர், வி.வினய், ரமேஷ் ஹரிஹரன் ஆகியோரும், என்கோர் நிறுவனத்தின் வினய் தேஷ்பாண்டே முதலியோரும் சேர்ந்து உருவாக்கியது. 1998-இல் எண்ணம் முளைத்தது; 2001 ஏப்ரலில் முன்மாதிரி மக்கள் முன் வைக்கப்பட்டது. 2004-இல் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் கூட்டோடு அமிடா என்ற பெயரில் ஒரு வகை சந்தைக்கு வந்தது.

ஸ்ட்ராங்-ஆர்ம் என்ற சில்லும், 320-க்கு 240 புள்ளிகள் கொண்ட சிறு திரையும் அதில் இருந்தன. விசைப்பலகை இல்லை, எழுதுகோலால் தொட வேண்டும். உள்ளே ஓடியது லினக்ஸ். எழுத்தறியாதவரும் பயன்படுத்த வேண்டும் என்பதற்காக இந்திய மொழிகளில் வாசித்துக் காட்டும் வசதியையும் எண்ணிச் செய்தார்கள். கிராமத்தார் ஒரே கருவியைப் பகிர்ந்துகொள்ள ஆளுக்கொரு ஸ்மார்ட் கார்டு என்பது திட்டம். எதிர்பார்த்த அளவு விற்கவில்லை; இன்றைக்கு அது சந்தையில் இல்லை. ஆனாலும் பத்திரிகைகள் உலகெங்கும் பேசிய கருவி அது.

வாசகர்கள் இதில் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். இப்படிப் புதிதாகச் செய்த பலகையில் முதன்முதலாக இயங்குதளத்தை ஏற்றும்போது திரை வேலை செய்யாது. ஏனென்றால் திரையை ஓட்டும் டிரைவரே இனிமேல்தான் எழுந்து வர வேண்டும். எழும் வழியில் கர்னல் எங்கோ விழுந்துவிட்டால், "நான் விழுந்துவிட்டேன்" என்று சொல்லவும் அதற்கு வாய் இல்லை. ஆகவே இத்தகைய பலகைகளில் சீரியல் போர்ட் என்ற ஒற்றைக் கம்பி வழியை முதலில் உயிர்ப்பிப்பார்கள். ஒரு நேரத்தில் ஒரு பிட்டு என்ற கணக்கில் எழுத்து அதில் நகரும். வேகம் இல்லை, அழகு இல்லை. ஆனால் எல்லாம் விழுந்த பிறகும் அது பேசும்.

6. தேடும் முறை

காணாமற்போன வெளியீட்டைத் தேடுவதற்கும் காணாமற்போன சரக்கைத் தேடுவதற்கும் முறை ஒன்றுதான். கிட்டங்கிக்கும் கடைக்கும் நடுவில் எத்தனை கை மாறுகிறதோ, அதில் பாதி வழியில் நின்று பார்க்க வேண்டும். அங்கே சரக்கு வந்திருந்தால் பிழை அதற்குப் பின்னால், வரவில்லையென்றால் முன்னால். மறுபடி அந்தப் பாதியில் பாதி. பதினாறு படி இருந்தாலும் நாலு தடவையில் இடம் தெரிந்துவிடும். எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் மாற்றிப் பார்ப்பவர் கடைசியில் எது நோய், எது மருந்து என்றே அறியமாட்டார்.

பாதி வழியில் நிற்பதற்குக் கருவிகள் உண்டு. பலகையில் ஒரு சிறு விளக்கு இருந்தால், "இந்த வரி வரை வந்தேன்" என்று அதை எரியவிடலாம். சீரியல் போர்ட்டில் ஒரே ஓர் எழுத்தை, எந்த இடையகமும் இல்லாமல், நேரே அனுப்பலாம். நிஜ இயந்திரத்துக்குப் பதிலாக, அதைப் போலவே நடிக்கும் நிரலுக்குள் இயங்குதளத்தை ஓட்டலாம். பெல்லார்ட் என்ற பிரெஞ்சு நிரலர் 2003-இல் வெளியிட்ட க்யூ-எமு இவ்வகையில் புகழ்பெற்றது. அதில் இயந்திரத்தை நடுவில் நிறுத்தி நினைவகத்தைத் திறந்து பார்க்க முடியும். திரை நினைவகத்தில் எழுத்து இருந்து கண்ணுக்குத் தெரியவில்லையானால், அது மேலே சொன்ன மூன்றாம் வகை என்று தீர்ந்துவிடும்.

ஓர் எச்சரிக்கை. சோதிப்பதற்காக நாம் சேர்க்கும் வரியே சில சமயம் நோயை மறைத்துவிடும். வரி முடிவுக் குறியோடு ஒரு செய்தி சேர்த்தால், பெட்டி காலியாகி, அதோடு பழைய செய்தியும் வெளியே வந்துவிடும். பிழை தீர்ந்தது என்று எண்ணிச் சோதனை வரியை எடுத்தால் மறுபடி காணோம்!

செவ்வாய்க்கோளில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 1997 ஜூலை 4 அன்று பாத்ஃபைண்டர் என்ற அமெரிக்க விண்கலம் அங்கே இறங்கியது. சில நாளில் அதன் கணிப்பொறி தானாக மறுதொடக்கம் செய்துகொள்ள ஆரம்பித்தது. திரட்டிய தரவு அழியவில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் அன்றைய மிச்ச வேலை மறுநாளுக்குத் தள்ளிப்போயிற்று. அதில் ஓடியது வி-எக்ஸ்-வொர்க்ஸ் என்ற இயங்குதளம். வானிலைத் தகவல் திரட்டும் சிறு வேலை ஒன்று, பொதுச் சாவி ஒன்றைக் கையில் வைத்திருந்தது. அதே சாவிக்கு மிக முக்கியமான வேலை ஒன்று காத்திருந்தது. நடுத்தர வேலைகள் இடையில் புகுந்து சின்ன வேலையை முன்னேறவிடவில்லை. ஆகவே சாவி திரும்பவில்லை. முக்கிய வேலை நேரத்துக்கு முடியவில்லை. கண்காணிப்பு அமைப்பு எல்லாவற்றையும் நிறுத்தி மீண்டும் தொடங்கிற்று. பொறியாளர்கள் பூமியில் இருந்த அதன் நகலில் அதே நிலைமையை உண்டாக்கி, பதிவுகளைப் பார்த்துக் காரணத்தைக் கண்டார்கள். சாவி வைத்திருப்பவருக்கு, அதற்காகக் காத்திருப்பவரின் முக்கியத்துவத்தைத் தற்காலிகமாகக் கொடுக்கும் வசதி ஏற்கெனவே அந்த இயங்குதளத்தில் இருந்தது. அதை இயக்கும்படி திருத்தம் அனுப்பினார்கள். தொல்லை நின்றது. நகல் இல்லாமல், பதிவு இல்லாமல், ஊகத்தால் மட்டும் தேடியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

7. தமிழ் எழுத்து மட்டும் வராவிட்டால்

ஆங்கிலம் வருகிறது, தமிழ் வரவில்லை என்ற குறையும் நம்மவர்க்கு உண்டு. யூனிகோடு முறையில் தமிழுக்கு 128 இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். பரவலாக வழங்கும் யு.டி.எஃப்-8 வடிவில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டு. "தமிழ்" என்று எழுதினால் த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என ஐந்து குறி. ஆக 15 பைட்டு. பழைய எழுத்துத் திரைக்கோ ஒரு பைட்டு ஓர் எழுத்து. அது 15 வேற்றெழுத்துகளைக் காட்டும். எழுத்துரு இல்லாத இயங்குதளம் கட்டம் கட்டமாகக் காட்டும். எழுத்துரு இருந்தும் கோக்கும் அறிவு இல்லையானால், "கொ" என்பதில் கொம்பு ககரத்துக்கு முன்னே வர வேண்டும் என்பது அதற்குத் தெரியாது.

முன்னே சொன்ன 4,096-ஐ மூன்றால் வகுத்துப் பாருங்கள். ஒன்று மிஞ்சும். அதாவது பெட்டி முழுக்கத் தமிழ்க் குறிகளே இருந்தால், கடைசிக் குறி மூன்றில் ஒரு பங்கோடு வெட்டுப்படும். அடுத்த பெட்டி வந்து சேரும் வரை பொறுக்காமல் காட்டும் நிரல், அங்கே ஒரு கேள்விக்குறியைப் போட்டுவிடும்.

இதையெல்லாம் படிக்கும்போது எனக்கு ஓலைச்சுவடிகள் நினைவுக்கு வருகின்றன. நமக்கு அருகிலுள்ள கோலாரைத் தலைநகராகக் கொண்ட சீயகங்கன் வேண்டியதால் பவணந்தி முனிவர் நன்னூல் செய்தார் என்பது தமிழறிந்தோர் அறிந்தது. அந்த இலக்கணப்படி மெய்யெழுத்துக்குப் புள்ளி உண்டு. அக்காலத்தில் குறில் எகர ஒகரங்களுக்கும் புள்ளி உண்டு. ஆனால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று ஏடெழுதினோர் பெரும்பாலும் அதை விட்டுவிட்டார்கள். 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் நெடிலுக்கு வேறு வடிவம் கொடுக்கும் வரை, குறிலா நெடிலா என்பதைப் படிப்பவரே இடம் பார்த்து அறிய வேண்டியிருந்தது. ஆசிரியர் மனத்தில் இருந்தது, ஏட்டில் இல்லை. அதுவும் ஒரு காணாமற்போன வெளியீடுதான். பதிப்பாசிரியர்கள் செய்ததும் இதே தேடல்தான்.

8. உண்டா, இல்லையா?

215 பில்களும் எழுதப்பட்டனவா என்று கேட்டால் என்ன சொல்வது? நிரலின் நோக்கில், எழுதப்பட்டன. வட்டின் நோக்கில், இல்லை. காகிதத்தின் நோக்கில், உண்டு. எங்கள் சமண மரபில் இதற்கு அநேகாந்தம் என்று பெயர். ஒரு பொருளைப் பற்றி "ஒருவகையால் உண்டு, ஒருவகையால் இல்லை" என்று, நிற்கும் இடத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம். சின்ன வயதிலிருந்து இதை வாயால் சொல்லி வந்தவன் நான். கல்லாவைப் பார்த்த அன்று வட்டின் நோக்கை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மனிதரைக் கள்வர் என்று எண்ணிவிட்டேன். கற்றது எனக்குள் ஏதோ ஒரு பெட்டியில் கிடந்தது. வேண்டிய நேரத்தில் வெளியே வரவில்லை.

அந்த ஓசூர்ப் பிள்ளை நிரலில் இரண்டு வரி சேர்த்தார். அதன்பின் ஒரு பில்கூடத் தவறவில்லை. நான் பில் போடுபவரிடம் போய், கணக்குப்பிள்ளை முன்னிலையிலேயே, "தப்பு என் மேலதான்" என்றேன். "பரவாயில்லீங்க ஐயா" என்று சொல்லிவிட்டு அடுத்த பில்லைப் போட ஆரம்பித்தார். இன்னும் இரண்டு வருஷம் எங்களிடம் இருந்தார். ஆனால் முன்போல என்னோடு உட்கார்ந்து காபி குடிக்கவில்லை. அதற்கு ஃப்ளஷ் கட்டளை எதுவும் இல்லை.

ஆகவே, கணிப்பொறி வேலை பார்க்கும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொள்வேன்: பணமும் பெயரும் சம்பந்தப்பட்ட இடத்தில் பெட்டி நிறையக் காத்திருக்காதீர்கள், எழுதியது போய்ச் சேர்ந்ததா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். அவர்களைப் பெற்றவர்களுக்கும், என்னைப் போல் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் சொல்வது இது: திரையில் காணோம் என்றால் நடக்கவே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். எந்தப் படியில் நின்றது என்று பாருங்கள். கோப்பின் அளவை 4,096-ஆல் வகுத்துப் பார்க்க ஒரு நிமிஷம்தான் ஆகும்.